ஃபிளாஷை அணையுங்கள், எழுத்து தெரியும்! உத்திரமேரூரில் ஒரு கேமரா பயணம்

ஞாயிற்றுக்கிழமை காலை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு குடும்பம் காரில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் படித்த குடவோலைக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு அப்பா சொல்கிறார். எல்லோரும் சுவர் முன்னால் நிற்கிறார்கள். மண்டப நிழல் கொஞ்சம் இருட்டாக இருப்பதால் போனில் ஃபிளாஷ் தானாகவே எரிகிறது. கிளிக்!

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லோர் முகமும் பளிச்சென்று இருக்கிறது. பின்னால் இருக்கும் சுவர் மட்டும் வெறும் கல்லாகத் தெரிகிறது. “எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு போல” என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

எழுத்து அழியவில்லை. ஃபிளாஷ்தான் அதை மறைத்துவிட்டது.

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊர், கேமராவை வைத்து விளையாடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அருமையான பள்ளிக்கூடம். விலை உயர்ந்த லென்ஸ் எதுவும் வேண்டாம். ஒரு மொபைல், இன்னொரு மொபைலின் டார்ச், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

வெளிச்சம் எந்தப் பக்கம்?

கல்வெட்டு என்பது மையால் எழுதியது இல்லை; கல்லில் வெட்டிய பள்ளம். பள்ளத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கல்லுக்கும் நிறம் ஒன்றுதான். ஆக, எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அந்தப் பள்ளத்தில் விழும் நிழல் மட்டுமே.

போனில் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வெளிச்சம் நேராகப் போய்ப் பள்ளத்தை நிரப்பிவிடும். நிழல் போனதும் எழுத்தும் போய்விடும். அதுவே வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, சுவரை உரசிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் வெறும் கல்லாக இருந்த இடத்தில் வரி வரியாக எழுத்து எழுந்து வரும். முதல் முறை பார்க்கிறவர்கள் ‘அட!’ என்று சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

வெயில் படும் சுவராக இருந்தால் சூரியனே இந்த வேலையைச் செய்துவிடும். நேரத்தை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழக்குப் பார்த்த சுவரில் காலை 7 மணிக்கு வெயில் நேராக அடிக்கும், எழுத்து மங்கலாக இருக்கும். அதே சுவரில் 11 மணிக்கு மேல் வெயில் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும், எழுத்து தெளியும். மேற்குச் சுவருக்கு உச்சி கடந்த சிறிது நேரம் நல்லது. தெற்குச் சுவருக்குக் காலையும் மாலையும். வடக்குச் சுவர்தான் கொஞ்சம் பிகு பண்ணும். நம் ஊர் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சூரியன் உச்சியில் வடக்கே சாய்ந்து போகும். அந்த மாதங்களில்தான் வடக்குச் சுவரில் வெயில் நன்றாக உரசும்.

ஒரே சுவரை ஒரே நாளில் மூன்று வேளை எடுத்துப் பாருங்கள். மூன்று வெவ்வேறு சுவர்களை எடுத்த மாதிரி இருக்கும்.

அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது?

படம் எடுப்பதற்கு முன்னால் எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் சுவை கூடும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவனது 12-ஆம் மற்றும் 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919 மற்றும் 921-இல், உத்திரமேரூர்ச் சபை கூடி எடுத்த இரண்டு முடிவுகள் இங்கே கல்லில் இருக்கின்றன. தொல்லியல் துறையினர் இவற்றை 1898-இல் படியெடுத்தார்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பொறுப்புக் கொடுத்தார்கள்.

நிற்கத் தகுதியான வயது முதல் முடிவில் 30 முதல் 60 வரை. இரண்டு ஆண்டு கழித்து அதையே 35 முதல் 70 என்று மாற்றினார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை! வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் தகுதிகள். ஆகவே நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தக் கல்வெட்டில் ஒரு காட்சி இருக்கிறது. போட்டோ எடுக்கிறவர்களுக்காகவே எழுதிவைத்த மாதிரி அது இருக்கும். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை கூடியிருக்கிறது. வயதில் மூத்த நம்பி ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளித்துவைக்கவில்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு அந்தப் பெயரை உரக்கப் படிக்கிறார்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த விரிந்த கையைத்தான் ஃபிளாஷ் வெளிச்சம் அழித்துவிட்டுப் போகிறது.

இரண்டு பேர், இரண்டு போன்

சோதனைக்கு வருவோம். பிள்ளைகள் உடன் இருந்தால் இன்னும் நல்லது. கோயிலில் இருக்கும் பணியாளரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் போனைச் சுவருக்கு நேராக, ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். திரையில் கட்டக் கோடுகளை ஆன் செய்தால் படம் கோணாது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். எழுத்து இருக்கும் இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கல் லேசாக இருட்டினால்தான் நிழல் அழுத்தமாக விழும்.

இன்னொருவர் டார்ச்சைச் சுவரை ஒட்டி, இரண்டு மூன்று அடி தள்சிப் பிடிக்க வேண்டும். சுவரைத் தொடக் கூடாது. இடப்பக்கத்திலிருந்து ஒரு படம். வலப்பக்கத்திலிருந்து ஒன்று. மேலிருந்து ஒன்று. கீழிருந்து ஒன்று.

நான்கையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்தின் செங்குத்துக் கோடுகள் பளிச்சென்று தெரியும், படுக்கைக் கோடுகள் பதுங்கிவிடும். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் இது தலைகீழ். வெளிச்சம் ஓடும் திசையிலேயே ஓடும் பள்ளத்தில் நிழல் விழாது என்பதுதான் காரணம். அதனால் ஒரே ஒரு படத்தை நம்பி எழுத்தைப் படித்தால் தப்பாகப் படிக்க வாய்ப்பு உண்டு.

கீழிருந்து டார்ச் அடித்த படத்தில் இன்னொரு வேடிக்கை. வெட்டிய எழுத்து புடைத்து நிற்பது போலத் தெரியும்! வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று பழகிப்போன நம் மூளை செய்யும் குழப்பம் இது. போனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், எழுத்து மறுபடி பள்ளத்துக்குள் போய்விடும்.

இதே விளையாட்டைத்தான் ஆய்வாளர்களும் செய்கிறார்கள். எச்.பி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் 2001-இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல இடங்களுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுப்பார்கள். கணினி அவற்றை இணைத்துத் தரும். பிறகு திரையில் வெளிச்சத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். பழைய நாணயங்கள், களிமண் பலகைகள், பாறை எழுத்துகள் எல்லாம் உலகம் முழுக்க இப்படிப் படிக்கப்படுகின்றன. நம் நான்கு படங்கள் அதன் குட்டித் தம்பி.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது. அந்த ஒரு படத்துக்குத் தெளிவு கிடைக்கும். கல்லுக்கு அழுக்கும் தேய்மானமும்தான் மிஞ்சும். சுத்தம் செய்கிறோம் என்று உயர் அழுத்தத்தில் மணலைப் பீய்ச்சியடித்ததால் எழுத்து மழுங்கிப்போன கோயில் சுவர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. டார்ச் வெளிச்சம் கல்லைத் தேய்க்காது.

21 படங்களை ஒட்டிய ராணுவக்காரர்

கல்வெட்டு நீளமாக இருந்தால் ஒரே ஃபிரேமில் அடங்காது. அப்போது என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே 1858-இல் ஒருவர் பதில் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்திய கம்பெனிப் படையில் அதிகாரி. சென்னை மாகாண அரசு அவரை அதிகாரபூர்வ போட்டோகிராஃபராக நியமித்தது. மாட்டு வண்டிக் காலம் அது. பெரிய மரக் கேமரா, மெழுகு பூசிய காகித நெகடிவ், ரசாயனங்கள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சுற்றினார். ஒரு படத்துக்கு லென்ஸைத் திறந்துவைத்துவிட்டு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் வெயிலில்!

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் பார்த்த ட்ரைப், கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்தார். 21 அச்சுகளை வரிசையாக ஒட்டினார். சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம்! போனில் ‘பனோரமா’ பட்டனைத் தட்டிவிட்டுக் கையை ஆட்டுகிறோமே, அதற்கு இவரைத் தாத்தா என்று சொல்லலாம்.

அவர் இன்னொரு சோதனையும் செய்தார். அந்தக் கால நெகடிவ்களிலிருந்து எடுத்த அச்சுகளில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். ட்ரைப் நெகடிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். ‘எடிட்டிங்’ என்பது இன்ஸ்டாகிராம் காலத்து வியாதி என்று நினைக்கிறவர்கள் கவனிக்க.

ஆனால் அந்த வேலை நீடிக்கவில்லை. சிக்கனம் என்ற பெயரில் சென்னை அரசு சீக்கிரமே அதை மூடிவிட்டது. அவர் எடுத்துவைத்த படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

உத்திரமேரூரில் அதே முறையைச் செய்து பார்க்கலாம். சுவரிலிருந்து ஒரே தூரம், போன் ஒரே உயரம். தரையில் கல் வரிசை இருந்தால் அதன் ஓரமாகவே நடந்தால் தூரம் மாறாது. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது சேர்த்துக்கொள்ளட்டும். அப்போதுதான் இணைக்கும்போது எழுத்து அறுபடாது. எடுத்தவுடன் எந்தச் சுவர், எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபேமிலி குரூப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். முகம் தப்பிக்கும், எழுத்து தப்பிக்காது.

பைனாகுலருக்குள் ஒரு நாரை

கோயிலோடு பயணம் முடிய வேண்டியதில்லை. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போகிறவர்கள், உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம் பக்கமாகப் போனால் வேடந்தாங்கலைப் பார்த்துவிடலாம். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. மரம் கொள்ளாமல் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும். பக்கத்திலேயே கரிக்கிலி. இரண்டுமே 2022-இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். தீபாவளிக்கு இங்கே வெடிச்சத்தம் கேட்காது.

மொபைலில் தூரத்துப் பறவையை ஜூம் செய்தால் பஞ்சு உருண்டைதான் கிடைக்கும். இங்கே ஒரு சோதனை. பைனாகுலரில் பறவையைப் பிடித்துவிட்டு, கண் வைக்கும் இடத்தில் போனின் லென்ஸை ஒட்டிவையுங்கள். முதலில் கறுப்பாக இருக்கும். மெல்ல நகர்த்தினால் நடுவில் வட்டமாக வெளிச்சம் வரும். அந்த வட்டத்துக்குள் நாரை! பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் கை நடுக்கம் குறையும். பத்துப் படத்தில் ஒன்று நன்றாக வந்தாலே ஜெயம்தான்.

இப்படி ஒட்டுப்போட்டு வேலை வாங்குவது நம் ஊருக்குப் புதிதில்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன், இந்தியாவின் முன்னோடிக் காட்டுயிர்ப் புகைப்படக்காரர்களில் ஒருவர். ஒரு கேமராவின் உடல், இன்னொன்றின் லென்ஸ், வேறு உதிரி பாகங்கள் என்று தானே சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோஸா’ என்று பெயர் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ இதழில் 1950-இல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி, 1996-இல் அவர் மறையும்வரை வந்தது. கடையில் கிடைக்காத கேமராவை அவர் வீட்டில் செய்துகொண்டார், அவ்வளவுதான்.

கேட்டுவிட்டு கிளிக்

உற்சாகத்தில் சில விஷயங்களை மறந்துவிடக் கூடாது.

தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் பெரும்பாலான சின்னங்களில் படம் எடுக்க 2018-இல் அனுமதி தந்துவிட்டார்கள். டிரைபாட், டிரோன் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். வழிபாடு நடக்கும் கோயில்கள் வேறு. உத்திரமேரூரிலேயே சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. மூன்று தளங்களில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் பெருமாள் இருக்கும் அபூர்வமான கோயில். தமிழகக் கோயில்களுக்குள் மொபைலுக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. போனை வெளியே வைத்துவிட்டுத் தரிசனம் செய்துவிட்டு வாருங்கள். எல்லாவற்றையும் படமாக எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. விமானத்தைத் தெருவிலிருந்தே வெவ்வேறு வெளிச்சத்தில் எடுக்கலாம்.

மனிதர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வயலில் நாற்று நடுகிறவர்களும் ஏரிக்கரையில் மாடு ஓட்டுகிறவர்களும் காட்சிப் பொருள் இல்லை. “ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?” என்று கேட்க இரண்டு நொடிதான் ஆகும். ‘வேணாம்’ என்றால் வேண்டாம். சரி என்றால், எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுங்கள். குழந்தைகள் என்றால் பெரியவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள், நெட்டில் போடாதீர்கள்.

வேடந்தாங்கலில் பறவை எழும்பிப் பறக்கும் படம் வேண்டும் என்று கை தட்டுகிறவர்களைப் பார்க்கலாம். கூட்டை விட்டுத் தாய் எழும்பினால் குஞ்சுக்கு வெயில், முட்டைக்குக் காக்கை. அந்தப் படம் வேண்டாம்.

பரணில் இருக்கும் கல்வெட்டு

உத்திரமேரூருக்கு உடனே கிளம்ப முடியாதவர்கள் என்ன செய்யலாம்? பரணில் ஏறுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் ஒரு பித்தளை அண்டாவோ, குடமோ, எவர்சில்வர் தூக்கோ இருக்கும். அதன் கழுத்தோரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பாட்டியின் பெயர், இனிஷியல், சில நேரம் கல்யாணத் தேதி, சீர் கொடுத்த மாமாவின் பெயர். வருடக்கணக்காகப் புளி போட்டுத் தேய்த்ததில் அது மங்கிப்போயிருக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டு எழுத்துக்கு மேல் தெரியாது.

இரவில் ஹால் விளக்கை அணைத்துவிட்டு, பாத்திரத்தை மேஜையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் மெல்லச் சுற்றிவாருங்கள். பித்தளை பளபளத்தால் டார்ச் முன்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் அந்தப் பெயர் முழுசாக எழுந்து வரும். அதை எடுத்து, பக்கத்தில் யாருடைய பெயர், எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதிவையுங்கள். அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டால் சொல்வார்கள். கேட்கிற காலத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

அந்த அண்டா ஒருநாள் எடைக்குப் போகலாம். பெயர் போனில் இருக்கும்.

அடுத்த முறை உத்திரமேரூர் போகும்போது குடும்பப் படம் எடுத்து முடித்ததும், ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சுவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். டார்ச் பிடிக்கும் வேலையை வீட்டில் இருக்கும் சின்னப் பையனிடமோ பெண்ணிடமோ விடுங்கள். குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்ததும் ஒரு சிறுவன்தானே!